பைதானில் கீ எக்ஸ்சேஞ்ச்: எக்ஸ்25519, பி-256, டிஎச் – எதை எங்கே எடுப்பது

பைதானின் ‘கிரிப்டோகிராஃபி’ லைப்ரரியில் கீ எக்ஸ்சேஞ்சுக்கென்று, அதாவது இரண்டு முனைகள் பப்ளிக் கீகளைப் பரிமாறி ஒரே ரகசியத்தை அடைவதற்கு, நான்கு வழிகள் இருக்கின்றன: எக்ஸ்25519, எக்ஸ்448, பி-256 போன்ற நீள்வட்ட வளைவுகளில் (எலிப்டிக் கர்வ்) ஓடும் ஈசிடிஎச், பழைய டிஎச் (டிஃபி-ஹெல்மன்). நான்கும் ‘ஹாஸ்மாட்’ என்ற, கவனமாகக் கையாள வேண்டிய கீழ்நிலை அடுக்குக்குள்தான் கிடக்கின்றன. அந்த அடுக்கில் எதைத் தவறாகக் கோத்தாலும் லைப்ரரி தடுக்காது, புரோகிராம் ஓடும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது பலரும் ‘எத்தனை பிட் பாதுகாப்பு’ என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: மறுமுனையில் என்ன ஓடுகிறது, அதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா? முக்கால்வாசி முடிவு அதிலேயே வந்துவிடும். மீதிக் கவனம் முழுவதும், எக்ஸ்சேஞ்ச் முடிந்து கையில் வரும் பைட்டுகளை என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்க வேண்டும். நிஜத்தில் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

இதைக் கையால் எழுதத்தான் வேண்டுமா

இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றால் டிஎல்எஸ் 1.3 (எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் நெறிமுறை) போதும். கீ எக்ஸ்சேஞ்ச், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் அதற்குள்ளேயே நடந்துவிடும். ஒருவருடைய பப்ளிக் கீ மட்டும் இருக்கிறது, அவருக்கு ஒரு கோப்பை மறைகுறியாக்கி அனுப்ப வேண்டும் என்றால் பைநேக்ள் லைப்ரரியில் ‘சீல்டு பாக்ஸ்’ இருக்கிறது. செய்தியோடு 48 பைட் கூடும்: 32 பைட் தற்காலிகப் பப்ளிக் கீ, 16 பைட் சரிபார்ப்புக் குறி. வேறெதையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை.

நேரடியாக எக்ஸ்சேஞ்ச் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டிய இடங்கள் குறைவு. டிஎல்எஸ் ஏற்ற முடியாத சிறு கருவி, நடுவில் இருக்கும் மெசேஜ் கியூவுக்குக்கூட உள்ளடக்கம் தெரியக் கூடாத ஏற்பாடு, ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த நெறிமுறை – இவை போன்றவை. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் மேலே படியுங்கள்.

நான்கில் எது

இரண்டு முனையும் உங்கள் கையில் இருந்தால் எக்ஸ்25519. இதில் தயங்க வேண்டியதில்லை. டேனியல் பெர்ன்ஸ்டீன் 2006-இல் வெளியிட்ட வளைவு இது. 2016-இல் ஆர்எஃப்சி 7748 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது. எஸ்எஸ்எச், வயர்கார்டு, சிக்னல், டிஎல்எஸ் 1.3 எல்லாவற்றிலும் ஓடுகிறது. பப்ளிக் கீ 32 பைட், பிரைவேட் கீ 32 பைட், விடையும் 32 பைட். தேர்ந்தெடுக்க பாராமீட்டர் எதுவும் கிடையாது. எந்த 32 பைட்டைக் கொடுத்தாலும் கணக்கு பாதுகாப்பாக நடக்கும் விதத்தில் அமைக்கப்பட்டிருப்பதால், ‘வந்த புள்ளி வளைவின் மேல்தான் இருக்கிறதா’ என்று சோதிக்க மறந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே இல்லை.

அந்த மறதி எவ்வளவு விலை பிடிக்கும் என்பது 2018-இல் புளூடூத்தில் தெரிந்தது. ஜோடி சேர்க்கும்போது வரும் பி-256 புள்ளியைச் சரியாகச் சோதிக்காத கருவிகளில், நடுவில் இருப்பவர் ஆயத்தொலைவை மாற்றிவைத்து ரகசியத்தை ஊகிக்க முடிந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-5383 என்பது அதன் எண். ‘கிரிப்டோகிராஃபி’ லைப்ரரி புள்ளியை ஏற்றும்போதே அது வளைவின் மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறது. ஆனால் மறுமுனையில் இருக்கும் கருவியும் பார்க்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பி-256 எடுக்க இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, சட்ட நிபந்தனை. அமெரிக்க அரசுத் துறைகளுக்கு விற்கும் மென்பொருளுக்கு ஃபிப்ஸ் 140 (அந்த அரசின் மறைகுறியாக்கத் தரம்) சான்று கேட்பார்கள். அதன் கீ எக்ஸ்சேஞ்ச் விதிகளைச் சொல்லும் எஸ்பி 800-56ஏ மூன்றாம் திருத்தத்தின் பட்டியலில் பி-256, பி-384, பி-521 உண்டு, எக்ஸ்25519 இல்லை. 2023-இல் வந்த ஃபிப்ஸ் 186-5 ஏற்றுக்கொண்டது அதே வளைவுக் குடும்பத்தைச் சேர்ந்த எட்25519 கையொப்பத்தைத்தான். அதைப் படித்துவிட்டு எக்ஸ்25519-க்கும் அனுமதி வந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், வரவில்லை. இரண்டாவது காரணம் வன்பொருள். பிரைவேட் கீ சிப்பை விட்டு வெளியே வரக் கூடாது என்றால், அந்தச் சிப் எதை ஆதரிக்கிறதோ அதுதான் உங்கள் தேர்வு. ஐபோனின் செக்யூர் என்க்ளேவில் நீள்வட்ட வளைவுக் கீ என்றால் பி-256தான். கணினிகளில் கீயைக் காக்கும் டிபிஎம் 2.0 சிப்புகளிலும் அதைத்தான் நம்பிக் கேட்கலாம்.

பி-384 வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டால் மட்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பி-256-க்குக் கையால் செதுக்கிய அசெம்பிளி கோடு உண்டு, பி-384 அதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடக்கூடும். எக்ஸ்448-உம் அப்படியே: 56 பைட், சுமார் 224 பிட் பலம், கேட்பவர் அரிது. பட்டியலில் தெரியும் மற்ற வளைவுகளை, கையில் இருக்கும் நெறிமுறை பெயர் சொல்லிக் கேட்டாலொழியத் தொடாதீர்கள்.

டிஎச் பழைய கருவிகளோடு பேச மட்டும். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் முழுவதுமாக விலக்க வேண்டியது: பைதானின் சாதாரண முழு எண்களை வைத்து அடுக்குக் கணக்குப் போட்டு நீங்களே எழுதும் டிஎச் அல்லது ஈசிடிஎச். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் அது எடுத்துக்கொள்ளும் நேரம் பிரைவேட் கீயின் பிட்டுகளைப் பொறுத்து மாறும். அந்த நேரத்தை வெளியிலிருந்து அளக்கலாம். தூய பைதானில் எழுதப்பட்ட ‘ஈசிடிஎஸ்ஏ’ பொதியைப் பராமரிப்பவர்களே, நேரத்தை அளக்கும் தாக்குதல்களிலிருந்து காப்பது தங்கள் நோக்கத்துக்குள் வராது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்த அது நல்லது, சர்வருக்கு வேண்டாம்.

எக்ஸ்25519: பைட் பைட்டாக

ஒவ்வொரு அமர்வுக்கும் புதிதாக ஒரு பிரைவேட் கீயை ‘ஜெனரேட்’ மூலம் உருவாக்குங்கள். கோப்பில் எழுதாதீர்கள், அமர்வு முடிந்ததும் விட்டுவிடுங்கள். நாளை சர்வர் திருடு போனாலும் நேற்றைய உரையாடலைப் பிரிக்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

பப்ளிக் கீயின் 32 பைட்டை அப்படியே அனுப்புங்கள். வந்ததை ஏற்றுங்கள், 32 பைட் இல்லையென்றால் ‘வேல்யூ எரர்’ வரும். பிறகு ‘எக்ஸ்சேஞ்ச்’. இதிலும் ‘வேல்யூ எரர்’ வரலாம்: எதிராளி வேண்டுமென்றே ஒரு சிறு வரிசைப் புள்ளியை (சில மதிப்புகளுக்குள்ளேயே சுழலும் புள்ளி) அனுப்பினால் விடை 32 பைட்டும் பூஜ்யமாக வரும், லைப்ரரி அதைப் பிடித்து எறிகிறது. இந்த எரரைப் பிடித்து மறுபடி முயலும் கோடு எழுதக் கூடாது. நேர்மையான மறுமுனை அப்படி ஒரு கீயை அனுப்புவதே இல்லை, இணைப்பை மூடிவிடுங்கள்.

கையில் இப்போது இருக்கும் 32 பைட்டை நேரே செய்தியை மறைகுறியாக்கும் ஏஇஎஸ் கீயாகப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அது வளைவின் ஓர் ஆயத்தொலைவு, சீரான ரேண்டம் பைட் அல்ல. எச்கேடிஎஃப் (கச்சா ரகசியத்திலிருந்து கீயை வடிக்கும் முறை) வழியாகத்தான் போக வேண்டும். ஷா-256, நீளம் 64, சால்ட் இல்லாமலும் இருக்கலாம். ‘இன்ஃபோ’ என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். நெறிமுறையின் பெயர், பதிப்பு எண், தொடங்கியவரின் பப்ளிக் கீ, பதில் சொன்னவரின் பப்ளிக் கீ – இந்த வரிசையில் ஒட்டி அதில் வையுங்கள்.

பப்ளிக் கீகள் ஏன்? எக்ஸ்25519 கணக்கு கடைசி பைட்டின் உச்சிப் பிட்டைக் கண்டுகொள்வதில்லை. அந்த ஒரு பிட்டை மாற்றி அனுப்பினால் வேறு மாதிரித் தெரியும் பப்ளிக் கீக்கும் அதே விடைதான் வரும். ஆக, விடை ஒன்றாக இருப்பதால் இருவரும் ஒரே பப்ளிக் கீகளைத்தான் பார்த்தார்கள் என்று ஆகிவிடாது. இன்ஃபோவில் அவற்றைச் சேர்த்துவிட்டால், வழியில் யாராவது கை வைத்திருந்தால் கீ பொருந்தாமல் போய்விடும்.

64 பைட் எதற்கு? முதல் 32 கிளையன்ட் அனுப்புவதற்கு, அடுத்த 32 சர்வர் அனுப்புவதற்கு. இரு திசைக்கும் ஒரே கீயை வைத்து, இரு பக்கமும் நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் மாற வேண்டிய எண்) எண்ணிக்கையை 0-இல் தொடங்கினால், முதல் செய்தியிலேயே ஒரே கீயும் ஒரே நான்ஸும் இரண்டு முறை வந்துவிடும். இரண்டு மறைகுறியீட்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் இரண்டு மூலச் செய்திகளின் எக்ஸ்-ஆர் கிடைக்கும். ஏஇஎஸ்-ஜிசிஎம்மில் அதோடு நிற்காது, செய்தியைச் சரிபார்க்கும் உள் கீயும் கசிந்து, போலிச் செய்தி தயாரிக்க வழி பிறந்துவிடும். இன்னொரு மறைகுறியாக்க முறையான சாச்சா20-பாலி1305-இலும் இதே மாதிரிதான் சரிவு.

சின்ன இடறல் ஒன்று: இந்த லைப்ரரியில் ஒரு எச்கேடிஎஃப் ஆப்ஜெக்டை ஒரு முறைதான் ‘டிரைவ்’ செய்ய முடியும். இரண்டாம் முறை கூப்பிட்டால் ‘ஆல்ரெடி ஃபைனலைஸ்டு’ என்று நிற்கும். 64 பைட்டாக எடுத்து வெட்டுங்கள், இல்லையென்றால் இன்ஃபோ வேறுபட்ட இரண்டு ஆப்ஜெக்டுகள் செய்யுங்கள்.

எதிரில் இருப்பது யார் என்று இதுவரை தெரியாது

மேலே சொன்ன எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தாலும், நடுவில் உட்கார்ந்து இரு பக்கமும் தனித்தனியாகக் கீ பரிமாறுகிறவரை அது தடுக்காது. நீங்கள் யாரோ ஒருவருடன் பாதுகாப்பாகப் பேசுகிறீர்கள், அவ்வளவே. அடையாளத்தைச் சேர்க்க, இரு முனைக்கும் நிரந்தரமான எட்25519 கையொப்பக் கீ ஒன்று வேண்டும். அதன் பப்ளிக் பகுதி முன்கூட்டியே வேறு வழியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கையொப்பம் எதன் மேல் போடுவது என்பது முக்கியம். தன்னுடைய தற்காலிகப் பப்ளிக் கீயின் மேல் மட்டும் கையொப்பமிட்டால், அந்தக் கையொப்பத்தைப் பிடித்து வைத்து வேறொரு அமர்வில் ஒட்டலாம். இரு தற்காலிகப் பப்ளிக் கீகள், இரு தரப்பின் அடையாளங்கள், ‘நான் தொடங்கியவன்’ அல்லது ‘நான் பதில் சொன்னவன்’ என்ற குறி – இவ்வளவும் கையொப்பத்துக்குள் வர வேண்டும். சரிபார்த்து முடியும்வரை அமர்வுக் கீயால் பயன்பாட்டுத் தரவு எதையும் அனுப்பாதீர்கள். இதை நீங்களே கட்டுவதற்குத் தயக்கமாக இருந்தால் – இருப்பது நியாயம் – நாய்ஸ் நெறிமுறைக் குடும்பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயர்கார்டின் கைகுலுக்கல் அந்தக் குடும்பத்தின் ‘ஐகே’ வடிவத்தில் கட்டப்பட்டதுதான்.

எட்25519 கீயும் எக்ஸ்25519 கீயும் 32 பைட்தான். கையொப்பக் கீ கோப்பைத் தவறுதலாக எக்ஸ்25519 ஆக ஏற்றினால், வெறும் பைட்டாக இருக்கும்பட்சத்தில், லைப்ரரி முனகாமல் ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சும் பெரும்பாலும் நடக்கும். இரு பக்கமும் வெவ்வேறு விடை வரும், ஏன் என்று தெரியாமல் ஒரு நாள் போகும். பெம் அல்லது டெர் வடிவில் சேமித்தால் இந்தக் குழப்பம் வராது: எக்ஸ்25519-க்கு 1.3.101.110, எட்25519-க்கு 1.3.101.112 என்று வகை எண் உள்ளேயே இருக்கும். வட்டில் வைக்கும் கீயை எப்போதும் அந்த வடிவில் வையுங்கள்.

மறுமுனை வேறு மொழியில் இருந்தால்

ஜாவா: 11ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்25519 உண்டு. பப்ளிக் கீயை ‘கெட் என்கோடட்’ கொண்டு எடுத்தால் 44 பைட் வரும். முதல் 12 பைட் டெர் தலைப்பு, பின்னால் 32 பைட் கீ. தலைப்பை வெட்டுவதைவிட, பைதானில் டெர் பப்ளிக் கீ ஏற்றும் ஃபங்ஷனிடம் 44 பைட்டையும் கொடுப்பது நல்லது, வகையும் சோதிக்கப்படும். ‘கெட் யூ’ வழியாகப் போனவர்களுக்குத் தொல்லை அதிகம். அது பெரிய முழு எண்ணாகக் கொடுக்கும். அதன் பைட் வரிசை பெரிய முனை முதலில். எக்ஸ்25519-இன் வரிசை சிறிய முனை முதலில். திருப்பிப் போட வேண்டும், முன்னால் விழுந்துபோன பூஜ்யங்களையும் சேர்த்து 32 ஆக்க வேண்டும்.

கோ: ‘ஈசிடிஎச்’ பொதி 1.20-இல் வந்தது. பி-256-க்குச் சுருக்கப்படாத 65 பைட் புள்ளியை மட்டுமே ஏற்கும். பைதானிலிருந்து சிக்கனமாக 33 பைட் சுருக்கப் புள்ளியை அனுப்பினால் மறுத்துவிடும். பைதான் பக்கம் இரண்டையும் ஏற்பதால், ஒரு திசையில் வேலை செய்து மறு திசையில் நிற்கும்.

டாட்நெட்: ஈசிடிஎச்சின் ‘டிரைவ் கீ மெட்டீரியல்’ கச்சா விடையைத் தருவதில்லை, அதன் ஷா-256 ஹாஷைத் தருகிறது. பைதானின் ‘எக்ஸ்சேஞ்ச்’ கச்சா விடையைத் தருகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. டாட்நெட் 8-இல் கச்சா விடைக்கென்று தனி மெத்தட் சேர்த்திருக்கிறார்கள்; அதற்கு முந்தியது என்றால் பைதான் பக்கமும் முதலில் ஷா-256 போட்டுவிட்டு எச்கேடிஎஃப்புக்குப் போங்கள்.

லிப்சோடியம்: அதன் ‘கேஎக்ஸ்’ ஃபங்ஷன்கள் அருமையானவை. எக்ஸ்25519 விடையோடு இரு பப்ளிக் கீகளையும் சேர்த்து பிளேக்2பி-512 போட்டு, திசைக்கு ஒன்றாக இரண்டு 32 பைட் கீகளைக் கையில் கொடுத்துவிடும். இரு முனையிலும் லிப்சோடியம் கிடைக்கும் என்றால் மேலே சொன்ன எச்கேடிஎஃப் வேலையே வேண்டாம், இதையே எடுங்கள். ஒரு முனையில் இது, மறு முனையில் எச்கேடிஎஃப் என்றால் மட்டும் சேராது.

பொருந்தவில்லை என்றால் கச்சா விடையிலிருந்து தேடத் தொடங்குங்கள். ஆர்எஃப்சி 7748-இன் 6.1ஆம் பிரிவில் ஆலிஸ், பாப் இருவரின் கீகளும் இறுதி விடையும் அச்சாகியிருக்கின்றன. இரு முனையிலும் அந்தக் கீகளை ஏற்றி அந்த விடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிழை எச்கேடிஎஃப்பில், பெரும்பாலும் இன்ஃபோவின் வரிசையில். வராவிட்டால் பைட் வரிசையில். வில்லங்கமான கீகளுக்கு விச்சிப்ரூஃப் சோதனைத் தொகுப்பு இருக்கிறது, அதையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

டிஎச் கட்டாயம் என்றால்

‘ஜெனரேட் பாராமீட்டர்ஸ்’ ஃபங்ஷனைச் சர்வர் தொடங்கும்போதெல்லாம் கூப்பிடாதீர்கள். 2048 பிட் பாதுகாப்புப் பகா எண் (சேஃப் பிரைம்) தேடுவதற்கு நிமிடக் கணக்கில்கூட ஆகலாம், ஒவ்வொரு முறையும் வேறு நேரம். ஆர்எஃப்சி 7919-இல் தயாராக இருக்கும் எஃப்எஃப்டிஎச்இ3072 குழுவின் எண்ணை எடுத்து வையுங்கள். அதன் பலம் ஏறக்குறைய 128 பிட், 2048-க்கு ஏறக்குறைய 112. பப்ளிக் கீ 384 பைட். 1024 பிட் மட்டுமே தெரியும் என்று சொல்லும் கருவிக்கு டிஎச் கொடுத்துப் பயனில்லை. ஒரே பகா எண்ணைப் பலரும் பயன்படுத்தும்போது பெரும்பகுதிக் கணக்கை முன்பே போட்டு வைக்கலாம் என்பதை 2015-இன் லாக்ஜாம் ஆய்வு 512 பிட்டில் செய்தே காட்டியது; 1024-உம் ஒரு நாட்டின் வசதிக்கு எட்டும் என்றது.

எங்கிருந்தோ வந்த பாராமீட்டரை நம்பாதீர்கள். சிவிஇ-2016-0701 அப்படித்தான் வந்தது: பாதுகாப்புப் பகா எண் அல்லாத எக்ஸ்9.42 வகைப் பாராமீட்டரோடு ஒரே பிரைவேட் கீயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர்களில், சிறு உட்குழுக்கள் வழியாக அந்தக் கீயைத் தோண்டி எடுக்க முடிந்தது.

இனி, டிஎச்சின் ஆகக் கொடுமையான பிழை. விடையின் முதல் பைட் பூஜ்யமாக அமைந்தால் அதை வெட்டுவதா வைப்பதா? டிஎல்எஸ் 1.2 வெட்டச் சொன்னது, டிஎல்எஸ் 1.3 பகா எண்ணின் நீளத்துக்கு நிரப்பச் சொல்கிறது. ‘கிரிப்டோகிராஃபி’ லைப்ரரி நிரப்பித் தருகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லை நேரடியாக சி மொழியிலிருந்து கூப்பிட்டால், நிரப்பும் விருப்பத்தைப் போடாதவரை வெட்டித் தருகிறது. இரண்டும் பேசினால் சுமார் 256-க்கு ஒரு கைகுலுக்கல் காரணமே தெரியாமல் தோற்கும், மறுமுறை முயன்றால் சரியாகிவிடும். நெட்வொர்க் கோளாறு என்று எழுதி மூடிவிடுவார்கள். 10 முறை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை: 100-க்கு 96 வாய்ப்பு, பிழை கண்ணிலேயே படாது. 2000 முறை ஓட்டுங்கள், அல்லது விடையில் பூஜ்யம் முன்னால் வரும் ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்து நிரந்தர டெஸ்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

குவாண்டம் கணினியை நினைத்து

இன்றைய உரையாடலைப் பதிவு செய்து வைத்து, பல ஆண்டு கழித்துக் குவாண்டம் கணினியால் உடைக்கலாம் என்பதுதான் இங்கே கவலை. நாளைக்குள் காலாவதியாகும் டோக்கனுக்கு இது பொருட்டில்லை. மருத்துவப் பதிவுக்குப் பொருட்டுதான். அப்படிப்பட்ட தரவு என்றால் எக்ஸ்25519-ஐ எடுத்துவிடாமல் அதோடு, குவாண்டம் கணினியையும் தாங்கும்படி அமைத்த எம்எல்-கெம்-768-ஐச் சேருங்கள். இரண்டின் விடையையும் ஒட்டி, பரிமாறப்பட்ட கீகளையும் கெம் மறைகுறியீட்டையும் இன்ஃபோவில் வைத்து எச்கேடிஎஃப் போடுங்கள். புதியது மட்டும் போதும் என்று சொல்கிறவர்களுக்கு சைக் என்ற இன்னொரு புதிய முறையின் கதி நினைவிருக்க வேண்டும்: இப்படிப்பட்ட முறைகளைத் தரப்படுத்தும் போட்டியின் நான்காம் சுற்றுவரை போன அந்த முறையை 2022-இல் ஒரு சாதாரண கணினிக் கோர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்தது.

எம்எல்-கெம் 2024 ஆகஸ்டில் ஃபிப்ஸ் 203 ஆக வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5, கோ 1.24 இரண்டிலும் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் 10.0 இந்தக் கலவையை இயல்புநிலையாகவே ஆக்கிவிட்டது. இப்படிப்பட்ட முறைகளைத் தொகுத்துத் தரும் லிபோக்யூஎஸ் லைப்ரரி ஆய்வுக்கு மட்டும்; அதைச் செய்தவர்களே உற்பத்திச் சர்வருக்குப் பரிந்துரைப்பதில்லை.

பழக்கத்தில் மாற்ற வேண்டியவை இரண்டு. இதில் ‘எக்ஸ்சேஞ்ச்’ கிடையாது. ஒருவர் 1184 பைட் பப்ளிக் கீ அனுப்ப, மற்றவர் ரகசியத்தை அதற்குள் அடைத்து 1088 பைட் மறைகுறியீடாகத் திருப்பி அனுப்புவார். இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொள்ளும் நெறிமுறைக்கு இது பொருந்தாது. இன்னொன்று: மறைகுறியீடு வழியில் கெட்டுப்போனாலும், நீளம் சரியாக இருந்தால் எரர் வராது. வேறொரு ரகசியம், பார்க்க நல்லதாகவே, கையில் வரும். இது வேண்டுமென்றே செய்த அமைப்பு. அதனால் கீ உறுதிப்படுத்தும் செய்தி ஒன்றை இரு பக்கமும் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அளவையும் கவனியுங்கள்: எக்ஸ்25519 சேர்த்து 1216 பைட் ஆகும்போது முதல் செய்தி ஒரே யுடிபி பாக்கெட்டில் அடங்காமல் போகலாம்.

இப்போதைக்கு எக்ஸ்25519 மட்டும்தான் என்றாலும், முதல் செய்தியின் தொடக்கத்தில் முறை எண்ணுக்கு ஒரு பைட்டும் கீயின் நீளத்துக்கு இரண்டு பைட்டும் ஒதுக்குங்கள். 32 என்று புரோகிராமில் ஊன்றிவிட்டால் பிறகு 1216-க்குப் போவது எல்லாக் கருவியையும் ஒரே நாளில் மாற்றும் வேலையாகிவிடும். அந்த முறை எண்ணையும், ஒவ்வொரு தரப்பும் ஆதரிக்கிறேன் என்று சொன்ன முழுப் பட்டியலையும் கையொப்பத்துக்குள் சேருங்கள். சேர்க்காவிட்டால் நடுவில் இருப்பவர் பட்டியலில் புதியதை அழித்துவிட்டு, உங்களைப் பழைய முறைக்கே இறக்கிவிடுவார்.